யார் பேர் முன்னால்?

எங்க ஊர் ஜிப்மர், அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து காசநோய் ஆய்வு நடத்தியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் இப்படிப்பட்ட கூட்டு ஆய்வுகளில், கட்டுரையில் யார் பேர் முன்னால் வருகிறது? 2022-ல் வந்த விதிப்படி, மருத்துவக் கல்லூரி ஆசிரியருக்குப் பதவி உயர்வு வேணும்னா, எழுதியவர்களில் முதல் மூணு பேருக்குள்ளே இருக்க வேண்டியிருந்தது. இல்லாட்டி கட்டுரைக்குத் தொடர்பாளரா இருக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டுக்காரர்களே முன்னால் உட்கார்ந்துகொண்டால், வெயிலில் அலைந்த நம்ம டாக்டரம்மாவின் கதி?

சென்னையில் 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு ஆகியவற்றோடு உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷாரும் சேர்ந்து ஆரம்பித்த காசநோய் மையம்தான், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. 1959-ல் வந்த கட்டுரையில் எழுதியவர் என்று மையத்தின் பேர்தான் இருந்தது. 2022 விதியில் அது யாருக்கும் உதவியிருக்காது, வேடிக்கைதான்!

ஒப்பந்தம் போடும்போதே பேர் வரிசையையும் எழுதி வாங்கிவிடட்டும்.

– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி