ராஜ மரம்

ஜவ்வாது மலைக்கு அபிவிருத்தியே வரவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. வந்ததையா, வந்தது! காவலூரில் 2.3 மீட்டர் ஆடியுள்ள தொலைநோக்கி இருக்கிறது. 1986-ல் அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்கு வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள். கோடானுகோடி மைலுக்கு அப்பாலுள்ள நட்சத்திரம் சர்க்காரின் கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்துக் கொல்லையில் சாமை விதைப்பவன்தான் தெரியவில்லை.

1955-ல் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை சோஷலிஸ பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. 1976-ல் அரசியல் சட்டத்தின் முகவுரையிலேயே சோஷலிஸம் ஏறிற்று. 1991-ல் கட்டுகளை அவிழ்த்தார்கள். இத்தனை காலமும் ஒரு மலையாளியின் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரம் யாருடையது? சர்க்காருடையது. (மலையாளி என்றால் கேரளத்தார் என்று எண்ண வேண்டாம். இந்த மலைவாசிகளின் பெயர் அது. மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வதுண்டு. ஆண்ட லட்சணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

சந்தனத்தை ராஜ மரம் என்று 1792-ல் மைசூரில் பிரகடனம் செய்தவர் திப்பு சுல்தான். சுல்தான் போனார், கம்பெனி போயிற்று, மகாராணியும் போனாள். மரம் மட்டும் அரண்மனையை விட்டு இறங்கவில்லை. இதுதான் சோஷலிஸம் என்றால் திப்புவையே முதல் சோஷலிஸ்ட் என்று கொண்டாடிவிடலாம்!

மரத்தால் காலணா வரவில்லை, களவு போனால் சந்தேகம் மட்டும் தன்மேல் விழும் என்றால் குடியானவன் என்ன செய்வான்? கன்றிலேயே கிள்ளி எறிவான். வைரம் பாய முப்பது வருஷம் பிடிக்கிற மரத்தை அவன் யாருக்காகக் காப்பது?

வியட்நாமைப் பாருங்கள். அமெரிக்கத் தடையால் ஒதுக்கப்பட்டுக் கிடந்த சோஷலிஸ்ட் தேசம். 1986-ல் 'தொய் மொய்' என்று சீர்திருத்தம் தொடங்கி, 1988-ல் கூட்டுப் பண்ணை நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டது. அரிசிக்குப் பிறரிடம் கையேந்திய நாடு 1989-ல் அரிசி ஏற்றுமதி செய்தது! மண் ஜனங்களின் பொதுச்சொத்து என்றுதான் சட்டம் அங்கே இன்றும் சொல்கிறது. ஆனால் 1993-ன் நிலச் சட்டம் மரப்பயிருக்கு 50 ஆண்டு உரிமையைக் குடும்பத்துக்குத் தந்தது.

இங்கே 2002-ல்தான் பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரனுடையதாயிற்று. அதிலும் 2008-ன் விதிகள் வெட்டுவதையும் விற்பதையும் வனத்துறை கையிலேயே வைத்தன. 2006-ன் வன உரிமைச் சட்டமோ, நீதிமன்றத் தடையில் சிக்கி, 2016-ல் உச்சநீதிமன்றம் அதை விலக்கும்வரை தமிழ்நாட்டில் முடங்கிக் கிடந்தது.

அதற்குள் 2015 ஏப்ரல் 7 வந்துவிட்டது. ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் உண்டு. செம்மரம் வெட்ட வந்தார்கள், தாக்கினார்கள் என்றனர் போலீஸார். மனித உரிமைக்காரர்கள் அதை மறுத்தனர். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. மலையை ஆள்கிறவன் கூலிக்காக ஏன் மலை இறங்கினான்? எனக்கு அதற்குப் பதில் வேண்டும். கல்வியில்லை, சாலையில்லை என்று சமாதானம் சொல்கிறவர்களே, சாலை போட்டால் அவன் இன்னும் சீக்கிரம் இறங்குவான்.

உழுகிற கொல்லைக்கு உரிமைப் பட்டாவை அவன் கையில் கொடுங்கள். வரப்பில் நிற்கிற சந்தனத்தை அவனே விலை பேசி விற்கட்டும். முப்பது வருஷம் கழித்து அந்த மலையைப் போய்ப் பார்த்துவிட்டு, அப்புறம் என்னோடு சண்டைக்கு வாருங்கள்.