சொல்லிவிட்டுப் போனவர்



நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளுக்குரியது. நீங்கள் எழுதித் தந்த பெயர்த்தாள்கள் பீடத்தின் அருகிலுள்ள பெட்டியில் நிறைந்துவிட்டன. இத்தகைய மாதத்தில் உங்கள் பங்குக்குரு ஒரு ராக் இசைத்தொகுப்பைப் பற்றி எழுதுவது மூத்தோர் சிலருக்கு உகந்ததாகத் தோன்றாமற் போகலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். பொருள் மரணத்தைப் பற்றியதே.

'த ட்ரஜிக்கலி ஹிப்' என்னும் குழுவை இங்கு வளர்ந்த உங்கள் பிள்ளைகள் அறிந்திருப்பர். ஒன்ராறியோவின் கிங்ஸ்ரன் நகரில் தோன்றிய குழு அது. அதன் பாடகர் கோர்ட் டவுனிக்கு மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்னும் தீராப் புற்றுநோய் இருப்பதை 2016 மே மாதத்தில் நாட்டுக்கு அறிவித்தார்கள். அறிவித்துவிட்டு ஒதுங்கவில்லை, அந்தக் கோடையிலேயே நாட்டின் பல நகரங்களிற் பாடினார்கள். நமது ரொறன்ரோவில் மட்டும் ஓகஸ்ட் 10, 12, 14 என மூன்று இரவுகள். நோய் நினைவாற்றலைத் தின்றிருந்தமையால், தாம் எழுதிய வரிகளையே மேடையிலிருந்த திரைகளைப் பார்த்துப் பாட வேண்டிய நிலை அவருக்கு. ஓகஸ்ட் 20இல் கிங்ஸ்ரனில் நடந்த இறுதி நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியிலும் பிற வழிகளிலும் 1 கோடியே 17 இலட்சம் பேர் கண்டனர்.

அந்தப் பெருங்கூட்டத்தைவிட என்னை ஈர்த்தது அதற்குப்பின் வந்த ஒன்று. 2017 ஒக்ரோபர் 17இல், தமது 53ஆம் வயதில் டவுனி இறந்தார். பத்து நாள்கள் கழித்து 'இன்ட்ரொடியூஸ் யர்செல்ஃப்' என்னும் தொகுப்பு வெளியாயிற்று. 23 பாடல்கள். ஒவ்வொன்றும் ஒரு மனிதரைப் பற்றியது என்று அவரே கூறியிருந்தார். சகோதரனோடு ஐஸ் ஹொக்கி பார்த்த காலம் ஒரு பாடலாயிற்று. குழந்தையை உறங்கவைத்துவிட்டு ஓசையெழாமல் அறையைவிட்டு வெளியேறும் தந்தை இன்னொரு பாடலானார். இசையறிந்தோர் இத்தொகுப்பிற் குறை காணக்கூடும். பல பாடல்கள் முதன்முறை பாடியவாறே விடப்பட்டுள்ளன, குரல் தளர்கிறது, சில இடங்களில் அது பாட்டா பேச்சா என்றே தெரியவில்லை. எனக்கோ அது நோயாளியின் கட்டிலருகே கேட்கும் குரலாகவே ஒலிக்கிறது. அக்குரலை நான் நன்கறிவேன்.

ஆனால் நம்மவர் வீடுகளில் அக்குரல் இந்த வார்த்தைகளைப் பேசக் கேட்பது அரிது. நோயில் பூசுதலுக்காக என்னை அழைப்பார்கள். கதவடியிலேயே மகன் மறித்து நின்று, "சுவாமி, அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை. சும்மா பார்க்க வந்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ" என்பார். உள்ளே சென்றால், அப்பா என் கையைப் பற்றிக்கொண்டு, "சுவாமி, எனக்குத் தெரியும். பிள்ளையளுக்குச் சொல்லாதேங்கோ, தாங்கமாட்டுதுகள்" என்பார். ஒருவருக்கொருவர் ஒளிக்கும் அந்த வீட்டில் இருதரப்பு இரகசியத்தையும் சுமப்பவன் குருவானவன். இவ்வாறு எத்தனை வீடுகள்! அன்பினாலேயே செய்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் இதனை நான் தவறென்றே கருதுகிறேன்.

நமது பாட்டன்மார் திடீர் மரணத்துக்கே மிக அஞ்சினர். ஆயத்தமின்றிச் சாகாதபடி காத்தருள வேண்டுமென்று புனிதர்களின் பிரார்த்தனையில் இறைஞ்சினர். நன்மரணத்தின் பாதுகாவலரென்று சூசையப்பரை வேண்டினர். இன்று நாமோ நித்திரையில் ஒன்றுமறியாது போய்விடுவதையே பாக்கியம் என்கிறோம். 'அவஸ்தைப் பூசுதல்' என்னும் பழைய பெயரின் அச்சமும் நம்மைவிட்டு நீங்கவில்லை. இத்திருவருட்சாதனத்தின் முறைமையைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இலேயே திருத்தியமைத்தார். கடுமையாக நோயுற்ற எவரும், சுயநினைவோடு இருக்கையிலேயே, பெறவேண்டிய அருள் இது. ஆயினும் மூச்சு இழுக்கத் தொடங்கிய பின்னரே என் தொலைபேசி ஒலிக்கிறது.

டவுனியின் தொகுப்பில் நமது விசுவாசப் பிரமாணம் இல்லை. அவரை வலிந்து நம்மவராக்கவும் நான் முனையேன். ஆனால் எதிர்நோக்கு என்று திருச்சபை சொல்வது, எப்படியும் குணமாகிவிடும் என்னும் எதிர்பார்ப்பினின்று வேறானது என்பதை அவருடைய தளர்ந்த குரல் எனக்கு மீண்டும் உணர்த்திற்று. குணமடைவார் என்ற எதிர்பார்ப்பு அறுந்துபோன இடத்தில் நின்றுகொண்டு, தாம் நேசித்தவர்களை ஒவ்வொருவராய் அழைத்துப் பேசுகிறார்.

எஞ்சிய காலத்தில் அவர் இன்னொன்றும் செய்தார். பழங்குடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியொன்றினின்று தப்பி, 1966 ஒக்ரோபரில் இரயில் பாதையோரம் குளிரில் இறந்துபோன 12 வயதுச் சிறுவன் சானி வென்ஜாக்கைப் பற்றி, 'சீக்ரட் பாத்' என்னும் தொகுப்பை 2016இல் வெளியிட்டார். அப்பள்ளி நமது சபையுடையதன்று. ஆனால் நம்மவர் நடத்தியவை பல. திருத்தந்தை பிரான்சிஸ் 2022 யூலையில் ஆல்பர்ட்டாவின் மாஸ்குவாசிஸ் மண்ணில் மன்னிப்புக் கேட்டது அதற்காகவே. விடைபெற ஒருவருமின்றித் தனித்து இறந்த பிள்ளையின் கதையை நான் அமைதியாகக் கேட்க இயலவில்லை.

உங்களாலும் இயலாது. 2009இல் வன்னியில் எத்தனை பேரை ஒரு சொல்லும் சொல்லாமல் இழந்தீர்கள் என்பதைப் பெட்டியிலுள்ள பெயர்கள் சொல்கின்றன. சில தாள்களில் பெயருக்கு அருகே ஒரு கேள்விக்குறி இடப்பட்டிருக்கிறது. அந்த அம்மாமாருக்குக் கிடைக்காத அவகாசம், ஸ்காபரோவில் வெப்பமூட்டப்பட்ட அறையில், நல்ல மருத்துவரின் கவனிப்பில் இருக்கும் உங்களுக்குச் சில மாதங்களாகக் கிடைத்திருக்கிறது. அதை ஒளித்து விளையாடிக் கழிக்கிறோமே!

ஆகவே ஒரு வேண்டுகோள். நோயாளி பேசக்கூடியவராக இருக்கும்போதே என்னை அழையுங்கள். பனி கொட்டினாலும் வருவேன். எங்கள் இருவரையும் ஒரு கால்மணி நேரம் தனியே விடுங்கள். நீங்கள் குசினியில் தேநீர் போட்டுக்கொண்டிருக்கலாம். நாங்கள் கூப்பிடும்போது எல்லோரும் உள்ளே வாருங்கள்.