பேட்டரியை ஒளித்து வைக்கலாமா?

எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காராக இருந்தாலும், பேட்டரி செத்துவிட்டால் அது அசையாது. பெட்ரோல் காராகட்டும், டீசல் காராகட்டும், எஞ்சினைத் தட்டி எழுப்புவது பேட்டரிதான்.

ஒரு காலத்தில் இரும்புக் கைப்பிடியைச் சுற்றித்தான் காரைக் கிளப்பினார்கள். கைப்பிடி எதிர்த்து உதைத்துக் கை ஒடிந்தவர்கள் உண்டு. 1912-ம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அந்தத் தொல்லையை ஒழித்தவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர்.

பேட்டரி நிலையான பொருள் அல்ல. பெரும்பாலும் 3 முதல் 5 வருடத்தில் ஓய்ந்துவிடும். செருப்புத் தேய்வது போல அதுவும் தேயும். தேயும் என்று தெரிந்த பொருளைக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டாமா?

சக்கரத்தின் பக்கத்தில்!

அமெரிக்காவில் விற்ற "டாட்ஜ் ஜர்னி" காரைப் பாருங்கள். முன்மூடியைத் திறந்தால் பேட்டரி இருக்காது! இடது முன் சக்கரத்தின் பக்கம், மட்கார்டுக்குள் ஒளிந்திருக்கிறது. சக்கரத்தை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி, உள்ளே உள்ள மறைப்பைக் கழற்றினால்தான் கை நுழையும். வசதிக்காகச் சக்கரத்தையே கழற்றுகிறவர்களும் உண்டு.

"எஞ்சின் பக்கம் இடம் இல்லை, சூடும் அதிகம்" என்று காரணம் சொல்லலாம். அது நியாயம்தான். ஆனால் பழைய வோக்ஸ்வாகன் "பீட்டில்" காரில் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருந்தது. இருக்கையைத் தூக்கினால் போதும்! 1959-ல் வந்த "மினி" காரில் அது பின்பக்கச் சாமான் பெட்டியில் இருந்தது. ஆகவே, எங்கே வைப்பது என்பதல்ல கேள்வி. எட்டுமா என்பதே கேள்வி.

வீட்டிலேயே மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் அவசரம் கூடாது.

சமதரையில் காரை நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து, கை பிரேக்கைப் போடுங்கள். சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஜாக்கி நழுவினால் கார் கீழே வரும்! உறுதியான தாங்கிகளை முட்டுக் கொடுங்கள். தாங்கி இல்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கூலி போனால் சம்பாதிக்கலாம். கை போனால் வருமா?

மோதிரம், கடிகாரம் எதுவும் கையில் வேண்டாம். பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். அதிலிருந்து தீப்பிடிக்கும் வாயுவும் வரும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

கழற்றும்போது முதலில் கழித்தல் குறியுள்ள ஒயர்; பிறகு கூட்டல் குறியுள்ள ஒயர். மாட்டும்போது முதலில் கூட்டல், கடைசியில் கழித்தல். ஏன் தெரியுமா? இந்நாளைய கார்களில் கழித்தல் முனை காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். அதைப் பிரிக்காமல் கூட்டல் முனையில் ஸ்பேனரை வைத்து, அது உடம்பில் பட்டால் நெருப்புப் பொறி பறக்கும்!

பேட்டரி 15 கிலோகூட இருக்கும். குனிந்தபடி தனியாக இழுத்தால் இடுப்புப் பிடிக்கும். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். சில புதிய கார்களில் பேட்டரி மாற்றியதை காரின் கம்ப்யூட்டருக்கும் தெரிவிக்க வேண்டும். கார் புத்தகத்தை முதலில் படியுங்கள்.

பழையதைக் குப்பையில் போடாதீர்கள். அதில் உள்ள ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். விற்ற கடையிலேயே கொடுங்கள்.

கார் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரியை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் ஒரு சிறு கதவு வைத்து, கை நுழைய வழி விடுங்கள். காரை வாங்குகிறவர்களும் வாங்கும் முன்பே கேளுங்கள்: "பேட்டரி எங்கே இருக்கிறது?"