போனில் பேசுவதும் உத்தியோகம்தான்!

"என் மருமக புரோகிராம் மானேஜராம். ஆனா எந்நேரமும் போன்ல பேசிக்கிட்டே இருக்கா. இதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். எங்கள் பொத்தேரியைச் சுற்றிக் கம்பெனிகள் பெருகியபின், பல வீடுகளில் இந்தச் சந்தேகம் இருக்கிறது.

ஒரு கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள், சகோதரிகளே! சமையல், பந்தல், பூ எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள் உண்டு. ஆனால் சாதம் வடித்தாயிற்று, வாழையிலை வரவில்லை என்றால் பந்தி நடக்குமா? ஒருவருடைய தாமதம் இன்னொருவர் வேலையைக் கெடுக்காமல் பார்க்க ஒரு பெரியம்மா வேண்டும். ஒரு வேலைக்குப் பொறுப்பாளர் பிராஜெக்ட் மானேஜர். ஒன்றையொன்று நம்பி நிற்கும் பல வேலைகளைச் சேர்த்து நடத்துபவர் புரோகிராம் மானேஜர்.

நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் 1983-ல் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தில் ஏற்ற பொறுப்பும் இதுபோன்றதுதான். பிருத்வி, அக்னி, ஆகாஷ், திரிசூல், நாக் என்று 5 ஏவுகணைகள். ஒவ்வொன்றுக்கும் தனி இயக்குநர். ஐந்தையும் சேர்த்து நடத்தியவர் கலாம்.

பெண்களில் செங்கோட்டைக்காரர் நிகர் ஷாஜியைச் சொல்லலாம். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்தவர் அவர். அதிலுள்ள 7 கருவிகளும் பெங்களூர், புனே, அகமதாபாத், திருவனந்தபுரம் என்று வெவ்வேறு ஊர்களில் உருவானவை. அத்தனையும் ஒன்றாகப் பொருந்தி 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பின. எத்தனை பேரோடு எத்தனை முறை பேசியிருக்க வேண்டும்!

கம்பெனியிலும் அப்படித்தான். எது முடிந்தது, எது நிற்கிறது, யாருக்காக நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வேறு அதிகாரியின் கீழ் இருப்பார்கள். அதட்ட முடியாது; பக்குவமாகச் சொல்லித்தான் வாங்க வேண்டும். ஆனால் தாமதமானால் பதில் சொல்ல வேண்டியவர் இவர்தான்.

அமெரிக்கக் கம்பெனி என்றால் இன்னொரு சங்கடம். நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்போது நமக்கு மாலை 6.30, அங்கே குளிர்காலமானால் 7.30. சரியாகக் குழந்தைக்குச் சோறு ஊட்டும் நேரம்!

அதனால் மகளோ மருமகளோ இந்த உத்தியோகத்தில் இருந்தால், "இன்னிக்கு எந்த நேரம் முக்கியமான பேச்சு?" என்று காலையிலேயே கேட்டு வையுங்கள். அந்த ஒரு மணி நேரம் குழந்தையை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். பாட்டிதான் பார்க்க வேண்டுமென்பதில்லை. குழந்தையின் அப்பாவும் ஊட்டலாமே!