குழந்தைக்கும் அடுக்களையில் பங்கு உண்டு

குரோம்பேட்டையின் அடுக்குமாடி வீடுகளில் இருவர் நின்றாலே அடுக்களை நிறைந்துவிடுகிறது. "உள்ளே வராதே" என்று குழந்தையை விரட்டுவது அதனாலேயே வழக்கமாகிவிட்டது. வீட்டில் நோயாளி இருந்தால் சொல்லவே வேண்டாம். கஞ்சி காய்ச்சி முடியும்வரை குழந்தையின் கையில் கைப்பேசிதான். பராமரிப்பவரின் அலுப்பை நாங்கள் அறிவோம். எனினும், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த அரைமணி நேரத்தில் சமையலிலேயே ஒரு பங்கு தரலாம் என்பது எங்கள் கருத்து.

சொப்புச் சாமான்களில் மண்சோறு ஆக்கி விளையாடுவது நமக்குப் புதிதன்று. அவ்விளையாட்டை மெய்யான வேலையாக்கினால் போதும். 1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையார் ஒரு மருத்துவர். நீர் ஊற்றுதல், தானியம் பிரித்தல் போன்ற வீட்டு வேலைகளே அவருடைய கல்விமுறையில் தொடக்கப் பாடங்கள்.

கீரை ஆய்கையில் விரல் நுனிகள் பழகுகின்றன. நாளை பென்சில் பிடிக்கப்போவதும் அவ்விரல்களே. ஓர் ஆழாக்கு அரிசிக்கு இரண்டு ஆழாக்குத் தண்ணீர் என்று அளக்கும்போது எண் கைவசமாகிறது. தான் ஆய்ந்த கீரையை உண்டு பார்க்கும் ஆவலும் பிறக்கிறது.

இதற்குச் சமையல் மேடை தேவையில்லை; கூடத்து மேசைமீது ஒரு முறம் போதும். மூட்டு அறுவைக்குப் பின் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பாட்டி, இனி வீட்டுக்குத் தம்மால் உதவியில்லை என்று மனம் சோர்ந்திருக்கலாம். அவரும் பேரக்குழந்தையும் சேர்ந்து பட்டாணி உரிக்கட்டும். இருமடங்கு நேரம் ஆகும்தான். தரையில் உருண்டவற்றைப் பாட்டி எழுமுன் பெருக்கிவிடுங்கள், வழுக்கும்.

உரிக்கும் பட்டாணி குழந்தையின் மூக்கிலோ மூச்சுக்குழாயிலோ சிக்கக்கூடும். ஆகவே பெரியவர் ஒருவர் உடனிருந்தே தீரவேண்டும். முழு நிலக்கடலையை இவ்வயதில் தரவே வேண்டாம். தொடங்குமுன் சோப்பால் கை கழுவுதல் கட்டாயம். சளி, இருமல் உள்ள நாளில், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரின் உணவைக் குழந்தை தொடலாகாது.

அடுப்பு, குக்கர், கொதிக்கும் குழம்பு ஆகியவற்றின் அருகே குழந்தைக்கு எவ்வேலையும் இல்லை. இதில் நாங்கள் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டோம். தவறிச் சூடு பட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, இட்லி மாவு எதையும் தடவாமல் உடனே மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.