ஊசி முந்தினால் படம் கலங்கும்!

ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி ஒன்று உண்டு. அதன் பெயர் புராஸ்டேட். மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிறது. ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான். வயதான காலத்தில் இதில் புற்றுநோய் வருவது உண்டு.

சந்தேகம் வந்தால், டாக்டர்கள் ஊசியால் சதைத் துணுக்குகளை எடுத்துச் சோதிப்பார்கள். இதற்குப் பயாப்சி என்று பெயர். வழக்கமாக 10 அல்லது 12 இடங்களில் ஊசி போகும்.

"புற்றுநோய்தான்" என்று முடிவு வந்ததும் வீடே கலங்கிப் போகிறது. அடுத்த கேள்வி எழுகிறது. நோய் சுரப்பிக்குள்ளேயே நிற்கிறதா? உறையைத் தாண்டி வெளியே போய்விட்டதா? ஆபரேஷனா, கதிர் சிகிச்சையா, கண்காணித்து வந்தால் போதுமா என்பது இதைப் பொறுத்தது.

இதற்குப் பதில் சொல்ல உதவுவது எம்.ஆர்.ஐ. படம். பெரிய காந்தத்தைக் கொண்டு உடலின் உள்ளே பார்க்கும் கருவி அது. எக்ஸ்ரே கதிர் அதில் இல்லை.

"நாளைக்கே எடுத்துவிடுவோம்!" என்று பிள்ளைகள் துடிப்பார்கள். அது பாசத்தின் அவசரம். ஆனால், அந்த அவசரமே படத்தைக் கெடுத்துவிடும்.

கறுப்பு எது?

ஊசி போன இடத்தில் ரத்தம் கசியும். புராஸ்டேட்டில் சிட்ரேட் என்ற பொருள் நிறைய உண்டு. அது ரத்தத்தை உறையவிடாது. ஆகவே, ரத்தக் கறை அங்கே பல வாரம் தங்கிவிடும்.

எம்.ஆர்.ஐ. படத்தில் புற்று கறுப்பாகத் தெரியும். ரத்தக் கறையும் கறுப்பாகத் தெரியலாம்! எது நோய், எது கறை? வேறு வகைப் படங்களையும் சேர்த்துப் பார்த்து நிபுணர்கள் ஓரளவு பிரித்து அறிவார்கள். ஆனாலும், தவறு நேர இடம் உண்டு.

தாம்பத்தியத்துக்கு வேண்டிய நரம்புகள் இந்தச் சுரப்பியை ஒட்டியே ஓடுகின்றன. நோய் வெளியே பரவிவிட்டதாகத் தவறாகக் கருதினால், காப்பாற்றக்கூடிய நரம்பையும் வெட்ட நேரிடும். பரவியதைப் பார்க்கத் தவறினால், நோயின் ஒரு பகுதி உள்ளே தங்கிவிடும். இரண்டுமே நஷ்டம்.

அதனால்தான் பயாப்சிக்குப் பிறகு 6 முதல் 8 வாரம் பொறுத்துப் படம் எடுப்பது நல்லது என்கிறார்கள்.

பொறுத்தால் ஆபத்தா?

"அதற்குள் நோய் பரவிவிடாதா?" என்ற பயம் இயற்கையே. பிரிட்டனில் நடந்த ஓர் ஆராய்ச்சி இதற்குப் பதில் சொல்கிறது. நோய் சுரப்பிக்குள்ளேயே இருந்த 1,643 பேரைச் சுமார் 15 ஆண்டுகள் கவனித்தார்கள். அவர்களில் சிலருக்கு ஆபரேஷன், சிலருக்குக் கதிர் சிகிச்சை, சிலருக்குக் கண்காணிப்பு மட்டும். 2023-ல் முடிவு வெளியானது. இந்த நோயால் இறந்தவர்கள் 45 பேர்தான். பலருக்கு இது மெதுவாக நடக்கும் நோய். சில வாரங்களில் குடி முழுகிப் போவதில்லை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. வேகமான நோயாக இருந்தாலோ, எலும்பு வலி போன்ற அறிகுறி இருந்தாலோ, டாக்டர் காத்திருக்கச் சொல்லமாட்டார். முடிவு செய்ய வேண்டியவர் அவரே.

படம் முதலில்!

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஊசிக்கு முன்பே படம் எடுத்துவிடுவது!

2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 11 நாடுகளைச் சேர்ந்த 500 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு முதலில் படம். சந்தேகம் இருந்தால் மட்டும் ஊசி. மற்றப் பிரிவினருக்கு நேராக ஊசி. சிகிச்சை தேவைப்படும் புற்றுநோய், படம் எடுத்த பிரிவில் 100-க்கு 38 பேரிடம் தெரிந்தது. நேராக ஊசி போட்ட பிரிவில் 26 பேரிடம்தான் தெரிந்தது. அதுமட்டுமா? படம் எடுத்தவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு ஊசியே தேவைப்படவில்லை! 2019-ல் பிரிட்டன், 'முதலில் எம்.ஆர்.ஐ.' என்பதையே வழிமுறை ஆக்கியது.

செலவு கூடுதல் என்று சொல்லலாம். ஆனால், ஒரே படம் இரண்டு வேலை செய்கிறது. ஊசிக்கு வழி காட்டுகிறது. நோயின் எல்லையையும் காட்டுகிறது. கலங்கிய படத்தை இன்னொரு முறை எடுப்பதுதான் வீண் செலவு.

ஆகவே, பயாப்சிக்கு நாள் குறிக்கும்போதே, "முதலில் படம் எடுக்கலாமா, டாக்டர்?" என்று குடும்பத்தார் கேட்க வேண்டும். உடலில் பேஸ்மேக்கரோ வேறு உலோகமோ இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். ஊசி முந்திவிட்டதா? அப்படியானால், டாக்டர் சொல்லும் நாள் வரை பொறுக்க வேண்டும்.

அந்தப் பொறுமை அலட்சியம் அல்ல. அதுவும் சிகிச்சைதான்!