மூடியை முதலில் பாருங்கள்!

இங்கே கலிஃபோர்னியாவில் குடித்தனம் நடத்தும் சகோதரிகளுக்கு இந்த முறை ஒரு கார் சமாசாரம். சமையல் குறிப்பு எங்கே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், அடுத்த இதழில் உண்டு.

ஸ்டியரிங்குக்கு முன்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். கருவியைச் செருகிப் பார்த்தால் 'பி 0455' என்று ஒரு குறி வரும். போன மாதம் எங்கள் காருக்கும் இதே கதைதான். ஸ்மாக் பரிசோதனைக்குக் கெடு வேறு நெருங்கிவிட்டது. விளக்கு எரிந்தால் கார் தேறாது. தேறாவிட்டால் ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க முடியாது. பட்டறைக்காரரோ, "கேனிஸ்டரை மாற்ற வேண்டும்" என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்.

"எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்றேன்.

"அதான் குறியே சொல்கிறதே!"

குறி அப்படிச் சொல்லவே இல்லை. பெரிய கசிவு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. எங்கே என்று நாம்தான் தேட வேண்டும். குக்கரில் பிரஷர் பிடிக்காவிட்டால் காஸ்கெட்டைப் பார்க்கிறோம், வெயிட்டைப் பார்க்கிறோம். உடனே புதுக் குக்கர் வாங்கவா ஓடுகிறோம்?

பெட்ரோல் டாங்கியில் ஆவி எழுந்துகொண்டே இருக்கும். அதில் புற்றுநோய் தரக்கூடிய பென்சீன் உண்டு. குழந்தைகள் விளையாடும் காரேஜில் அந்த வாடை நல்லதல்ல. வெளியே போனாலும் வெயிலில் நச்சுப் புகைமூட்டமாகிவிடும். அதனால்தான் ஆவியைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு 1970 மாடல் கார்களிலிருந்து கலிஃபோர்னியாவிலும், 1971 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் கட்டாயமாயிற்று. கேனிஸ்டர் என்பது கரி நிரப்பிய டப்பா. ஆவியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது 'பர்ஜ் வால்வு' திறக்க, எஞ்சின் அதை இழுத்து எரித்துவிடும். கார் கம்ப்யூட்டர் அவ்வப்போது எல்லா வழிகளையும் அடைத்துக் கசிவு உண்டா என்று சோதிக்கும். பல கார்களில் அரை மில்லிமீட்டர் ஓட்டைகூடத் தப்பாது!

ஆகவே முதலில் பெட்ரோல் மூடி. ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். துடைத்துவிட்டு, 'டிக் டிக்' என்று கேட்கும்வரை திருகுங்கள். விளக்கு உடனே அணையாது. எஞ்சின் நன்றாக ஆறியிருந்து, டாங்கி ரொம்ப நிறையாமலும் காலியாகாமலும் இருந்தால்தான் பெரும்பாலும் அந்தச் சோதனையே நடக்கும். சில நாள் பொறுங்கள்.

மூடி சரி, ஆனால் பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆக மக்கர் செய்கிறதா? பர்ஜ் வால்வைச் சந்தேகியுங்கள். அப்படியும் பிடிபடாவிட்டால் 'ஸ்மோக் டெஸ்ட்' கேளுங்கள். குழாய்களுக்குள் புகையைச் செலுத்தினால் ஓட்டையுள்ள இடத்தில் எட்டிப் பார்த்துவிடும். அதைச் செய்யாமல் கேனிஸ்டரைக் கழற்ற விடவே கூடாது. நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். புகை வந்தது ஒரு சாண் ரப்பர் குழாயிலிருந்து!

குறியை அழித்துவிட்டுப் பரிசோதனைக்குப் போகலாமே என்பார்கள் சில புத்திசாலிகள். அழித்தால் கம்ப்யூட்டர் முடித்து வைத்த சோதனைக் கணக்கும் சேர்ந்து அழியும். பரிசோதனை நிலையத்தில் அது பளிச்சென்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. பெட்ரோல் பம்ப் 'டக்'கென்று நின்ற பிறகும், முழு டாலர் கணக்குக்காக உங்கள் வீட்டுக்காரர் மறுபடி மறுபடி அமுக்குகிறாரா? வேண்டாம் என்று சொல்லுங்கள். பெட்ரோலே கேனிஸ்டருக்குள் போய்விட்டால், அப்புறம் நிஜமாகவே அதை மாற்றும்படி ஆகிவிடும்.